ஜார்ஜியாவுக்காக ரப்பர் விளையை விற்காதீர்கள்

அண்ணே, அக்கா, போன வாரம் குலசேகரத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டு தக்கலைக்கு வந்து, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு என் எதிரே உட்கார்ந்தீர்கள். "பயப்படாதீங்க, பிள்ளை நல்லா படிக்குது, எல்லாம் சரியாகும்" என்று இரண்டு தடவை சொன்னேன். அது ஒரு மரியாதைக்குச் சொன்னது. நீங்கள் எழுந்து போன பிறகு அந்த மரியாதை எனக்கே பிடிக்கவில்லை, அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்: துபாய் மாமா சொல்கிறார் என்று ஒன்றே கால் ஏக்கர் ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, விற்று மகளை ஜார்ஜியாவுக்கு எம்பிபிஎஸ் படிக்க அனுப்புவது தப்பு.

ஏஜென்ட் சொன்ன முப்பது லட்சத்தோடு அது முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் போட்ட விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, ஊருக்கு வந்து எஃப்எம்ஜிஇ என்கிற தகுதித் தேர்வு, அதில் பாஸானால் இங்கே இன்னொரு 12 மாதம் பயிற்சி. 2024 ஜூனில் அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மற்ற நாலு பேருக்கும் மறுபடி கோச்சிங், மறுபடி ஃபீஸ், மறுபடி ஏதாவது ஒரு ஊரில் அறை வாடகை. மாமா தன் நண்பர் மகன் டாக்டரான கதையைச் சொல்கிறார், சரி, அவனோடு விமானம் ஏறின மற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆசைப்பட்டுப் போகிற பிள்ளை என்றால் இத்தனையையும் தாண்டிவிடும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். உங்கள் மகளுக்கு அந்த ஆசை இல்லை. அக்கா "டாக்டர்னா குடும்பத்துக்கு ஒரு பேருல்லா" என்று சொன்னபோது அவள் ஜன்னல் வழியாக பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சும்மா இருக்கும்போது என்ன செய்வாய் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? பால் வடிய ரப்பர் மரப் பட்டையைச் சீவுகிற பால்வெட்டைப் பற்றிச் சொன்னாள். ஒட்டு ரப்பர் மரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்ததும் வெட்டுவார்கள், பாதிச் சுற்று, 30 டிகிரி சரிவு, அப்படியென்றால் வெட்டின் நீளம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டாளாம். ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். அண்ணன் நீங்கள்தான் சிரித்துக்கொண்டே "அளந்து பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு" என்றீர்கள். இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறார்கள், அப்பா வெட்டுகிற மரத்தில் கோசைன் பார்த்த பிள்ளை வந்தது இல்லை.

இன்ஜினியரிங், நர்சிங், உள்ளூரில் ஒரு பி.எஸ்சி., இதைப் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது, நான் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது நம் மாவட்டத்தில் கண்டுகொள்ளப்படாத ஒன்று: ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. பிளஸ் டூ முடித்து நேராகச் சேரலாம். ஆரம்ப செமஸ்டர்களில் கணிதத்தோடு மற்ற அறிவியல் பாடங்களும் இருக்கும், போகப் போக கணிதம் மட்டும். நடுவில் வேறு வழி பிடித்தால் மூன்று வருடத்தில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் பதினேழு வயதில் எடுத்த முடிவுக்கு இருபதில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஃபீஸ் செமஸ்டருக்குச் சில ஆயிரங்கள்தான். விடுதி, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்தாலும் ஐந்து வருடத்துக்கு ஆகிற செலவு, ஜார்ஜியாவில் ஒரு வருடத்துக்கு ஆவதைத் தாண்டாது என்பது என் கணிப்பு. விளை உங்கள் பேரிலேயே இருக்கும். போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய் உண்டு, கணிதமும் அதில் சேர்த்தி. கிடைத்தால் லாபம், அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

அவள் போகும்போது மேஜையில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போனாள், ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதினது. பெரிய பல்கலைக்கழகம் என்று நான் சொன்னதும் உடனே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் கேட்காத கேள்வியெல்லாம் அதில் இருக்கிறது, அவளுக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹிந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா? முடியும் மக்களே. வகுப்பு ஆங்கிலத்தில். அந்த ஊரில் தெலுங்கும் தக்காண உருதும் காதில் விழும், விடுதியில் கேரளப் பிள்ளைகள் இருப்பார்கள், குலசேகரத்துக்காரிக்கு மலையாளம் சொல்லித்தர வேண்டுமா? உண்மையான கஷ்டம் ஆங்கிலத்தில்தான் வரும், அதுவும் கணித நிரூபணத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது. முதல் செமஸ்டரில் மார்க் சரியும், தமிழ் மீடியம் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான், அதைப் பார்த்து யாரும் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போடக் கூடாது.

ஒரு பேப்பர் போனால் வருஷம் போகுமா? போகாது. துணைத் தேர்வு எழுதலாம். ஆனால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் யாரும் இரங்க மாட்டார்கள். வகுப்புக்கு வா என்று கூப்பிட அங்கே ஆள் கிடையாது, வீட்டுக்கு போன் பண்ணி உங்க பொண்ணு வரலை என்று சொல்கிற டீச்சர் கிடையாது. மார்க்கில் ஒரு பங்கு செமஸ்டர் நடுவிலேயே சின்னத் தேர்வுகளில் போய்விடும், கடைசி வாரம் கண்விழித்துப் படிக்கிற பழக்கம் அங்கே உதவாது. பிளஸ் டூவில் புக் பேக் கேள்வியை மனப்பாடம் பண்ணின பழக்கமும்தான்.

கணக்கு பிடிக்காமல் போனால் மாறலாமா? சேர்ந்த பிறகு பாடம் மாற்றுவது கஷ்டம், பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த மூன்று வருடக் கதவைத்தான் நினைவில் வைத்துக்கொள்.

சாப்பாடு? மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் லீவுக்கு வரும்போதுதான். பெரிய விடுதிகளில் மெஸ் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம், மாதச் செலவைப் பங்கு போட்டு பில் வரும், அதனால் ஒவ்வொரு மாதமும் தொகை மாறும். அண்ணன் இதைக் கவனியுங்கள், மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாக எண்ணி அனுப்பினால் சில மாதம் இடிக்கும். வளாகம் 2,300 ஏக்கர், 1974-இல் தொடங்கினது, பாறையும் ஏரியும் மயிலுமாகக் காடு மாதிரி கிடக்கும். பழைய சைக்கிள் ஒன்று முதல் வாரமே வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசிக் கேள்வியை அவள் ரொம்பச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். வெட்டு இல்லாத மாசம் அப்பாகிட்ட காசு கேக்கலாமா. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, அண்ணே. மழைக்காலத்தில் பால் இல்லை என்பது அவளுக்கு உங்களைப் போலவே தெரிகிறது, அதனால் நல்ல மாதங்களில் அவள் கணக்கில் கொஞ்சம் போட்டு வைத்துவிடுங்கள், கேட்கிற நிலைமையே வர வேண்டாம்.

அப்புறம் வேலை. படித்து முடித்த மறுநாள் வாசலில் போர்டு மாட்ட முடியாது, உண்மைதான். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கல்லூரி ஆசிரியர் வேலை, புள்ளியியல் பாடங்களையும் எடுத்துக்கொண்டால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள் என்று வழிகள் இருக்கின்றன. பிஎச்டி முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும், மாமாவிடம் அதையும் சொல்லுங்கள்.

இனி தேதி விஷயம், இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். இந்த இடத்துக்கு க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், 2022-இலிருந்து நடக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும். 2025-இல் விண்ணப்பம் மார்ச்சிலேயே முடிந்தது, நம் ரிசல்ட் மே 8-ஆம் தேதிதான் வந்தது. அதனால் புத்தாண்டு பிறந்த நாளிலிருந்து இந்தத் தேர்வை நடத்துகிற என்டிஏவின் இணையதளத்தை வாரத்துக்கு இரண்டு தடவை பாருங்கள், இந்த வேலையை அவளிடமே விடுங்கள். பாடத்துக்கு 50 கேள்வி, ஒரு மணி நேரம், சரிக்கு 5 மார்க், தப்புக்கு 1 குறையும், தெரியாததைத் தொடாமல் விடப் பழக வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடம் எழுத வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே வெளியிடும், அதைப் பார்த்துத்தான் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் இதே தேர்வுதான், அக்காவுக்கு தூரம் ரொம்பப் பயமாக இருந்தால் அவற்றையும் சேர்த்துப் போடுங்கள். தேர்வு எழுதினால் மட்டும் போதாது, மார்க் வந்ததும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். நல்ல மார்க் எடுத்த ஒரு பையன் இதைச் செய்யாமல் போன வருடம் வீட்டில் இருந்தான்.

ஓபிசி இட ஒதுக்கீட்டில் போடுவதாக இருந்தால் உங்கள் வீட்டில் இருக்கிற மாநில பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவு, இல்லை என்று போட்ட சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீஸில் வாயைத் திறந்து "மத்திய அரசுப் படிவம்" என்று கேட்காவிட்டால் பழையதையே அச்சடித்துக் கையில் தந்துவிடுவார்கள். இப்போது ஒன்று எடுத்து வையுங்கள், சேர்க்கை நேரத்தில் ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்ததைக் கேட்பார்கள், அதற்கு மறுபடி ஒரு நடை.

விளைக்கு ஆள் பார்க்கச் சொல்லி புரோக்கரிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமா கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் நிதானமாகவே பேசுவேன்.