சமுதாயக்கூடம் இருந்த இடத்தில் குடியிருப்பு வரலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பழைய நூலகம், சமுதாயக்கூடம், விளையாட்டுத் திடல் இருக்கும் இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வே எண் எழுதியவர்கள் இரண்டே பேர்.

எங்கள் மனைப்பிரிவில் சமுதாயக்கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தில் ஐந்து மாடி கட்டப்போகிறார்களாம். ஸ்டே வாங்க முடியுமா? (அம்பத்தூர்)

'கட்டப்போகிறார்களாம்' என்பதை வைத்து எந்தக் கோர்ட்டும் ஸ்டே கொடுக்காது. முதலில் அனுமதி பெற்ற லேஅவுட் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அதில் அந்த இடம் பூங்கா என்று இருக்கிறதா, பொது உபயோகம் என்று இருக்கிறதா, வெறும் அரசு நிலமா என்று பாருங்கள். மூன்றுக்கும் பலம் வேறு.

பூங்கா என்றால் நீங்கள் பலமாக நிற்கலாம். பெங்களூர் சதாசிவநகரில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவமனைக்கே அந்தக் கதி. பொது உபயோக மனை என்றால், முறைப்படி அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்டு மாற்ற வழி உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த முறை நடந்ததா என்பதைத்தான். எந்த லேஅவுட்டிலும் வராத அரசு நிலம் என்றால் சட்டத்தை விடப் பேச்சுவார்த்தைதான் கைகொடுக்கும்.

ஓ.எஸ்.ஆர். இடத்தில் (திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய இடத்தில்) கட்டலாமா? (மேடவாக்கம்)

கூடாது. சுமார் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விடும் விதி செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். ஆன்லைனிலேயே பார்க்கலாம், காசில்லை.

எங்கள் தெருவில் எத்தனை மாடி கட்ட அனுமதிப்பார்கள்? (ஊர் எழுதவில்லை)

ஊரும் இல்லை, மனையின் அளவும் இல்லை, சாலையின் அகலமும் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? பொதுவாக எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது எல்லா மாடிகளின் பரப்பும் சேர்ந்து மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு. நெடுமாடி என்றால் 3.25 வரை போகும், அதற்கு 18 மீட்டர் சாலை வேண்டும். டேப் எடுத்துச் சாலையை அளந்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் வாசகசாலை ஐம்பது வருடப் பழசு. இடித்துவிட்டு, கீழே புது நூலகம், மேலே வீடுகள் என்று திட்டம். அதுவரை 'தற்காலிகமாக' வேறு இடத்தில் நடத்துவார்களாம். ஒப்புக்கொள்ளலாமா? குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு கட்சியாகிவிட்டோம். (கொளத்தூர்)

திட்டத்தில் தப்பு இல்லை. சிகாகோவில் 2019-ல் மூன்று கிளை நூலகங்களை வாடகை வீடுகளோடு சேர்த்துத்தான் கட்டினார்கள். ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்து படிப்பதை விட இது மேல்.

எனக்குப் பயம் அந்தத் 'தற்காலிகம்' மேல்தான். இதைப் பல தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன். முதலில் நூலகம் ஒரு வாடகை அறைக்குப் போகும். அறை சின்னது என்று பாதிப் புத்தகங்களை மூட்டை கட்டி வைப்பார்கள். செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களுக்கு மாடிப்படி ஏற முடியாது, அதனால் வருகை குறையும். இதற்குள் மேலே வீடுகள் முடிந்து சாவியும் கொடுத்துவிடுவார்கள். தரைத்தளத்தில் பார்க்கிங் போதவில்லை என்று புகார் வரும். அப்புறம் ஒருநாள், 'வருகையே இல்லையே, இவ்வளவு பெரிய நூலகம் எதற்கு?' என்று ஒரு கோப்பு நகரும். வருகை ஏன் குறைந்தது என்று அந்தக் கோப்பில் இருக்காது. இதில் யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது, வாசகர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அவ்வளவுதான்.

அதனால் உங்கள் இரண்டு கட்சியும் 'வேண்டும், வேண்டாம்' சண்டையை நிறுத்திவிட்டு எழுத்தில் நாலு விஷயம் கேளுங்கள். புது நூலகத்தின் பரப்பு இப்போது இருப்பதற்குக் குறையக் கூடாது, அது வரைபடத்திலேயே சதுர அடிக் கணக்கில் இருக்க வேண்டும். நூலகத்துக்குத் தெருவைப் பார்த்துத் தனி வாசல் வேண்டும். தற்காலிக இடம் தரைத்தளத்தில், நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். நூலகம் திறந்த பிறகே வீடுகளுக்குச் சாவி. நாலாவதுதான் முக்கியம், அதைத்தான் முதலில் தட்டிக்கழிப்பார்கள். அதை விட்டுக்கொடுத்து மற்ற மூன்றை வாங்கினால் வாங்கியது எதுவுமில்லை.

வாரியக் குடியிருப்பு (ஏழைகளுக்கு அரசு வாரியம் கட்டும் வீடுகள்) வந்தால் எங்கள் ஏரியாவின் 'தரம்' குறைந்து வீட்டு விலை விழுமே? (அண்ணா நகர் பக்கம்)

உங்கள் வீட்டில் வேலை செய்பவர் இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் பக்கத்துத் தெருவில் குடியிருந்தால் குறைந்துபோகும் தரம் எது? சாக்கடை, தண்ணீர், சாலை அகலம் பற்றி ஆட்சேபம் எழுதுங்கள், உதவுகிறேன். இதற்கு உதவ மாட்டேன்.

நாங்கள் பழைய வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். இடித்துக் கட்டப்போகிறார்கள். வீடு கிடைக்கும் என்று சொல்கிறார்கள். வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (புளியந்தோப்பு)

ஒழுங்கான கேள்வி. புது வீடு சுமார் 400 சதுர அடி, இடைக்கால வாழ்வுக்குக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் என்பதெல்லாம் தெரிந்திருப்பீர்கள். பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர், பிளாக், கதவு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மறப்பது பால்வாடியை. பழைய பிளாக்குகளுக்கு நடுவே பால்வாடி, சின்னச் சமுதாயக்கூடம், பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் எல்லாம் இருக்கும். புது வரைபடத்தில் வீடுகளின் எண்ணிக்கை கூடும், இவை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வீடு கூடினால் பிள்ளைகளும் கூடும், பால்வாடியும் பெரிதாக வேண்டாமா? இடிக்கும் முன்பே கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே எல்லாம் ஒரே கட்டடத்தில் நடக்கிறதே, சென்னையில் ஏன் முடியவில்லை?

நீங்கள் சொல்வது கம்போங் அட்மிரல்டி மாதிரி என்று நினைக்கிறேன். மூத்தவர்களுக்கு நூற்றுச் சொச்சம் வீடுகள், கீழே உணவங்காடி, மருத்துவ மையம், பிள்ளைகள் காப்பகம், எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கே பல துறைகள் முதல் நாளிலிருந்தே சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டன. இங்கே நூலகம் ஒரு துறை, நிலம் ஒரு துறை, வீடு ஒரு துறை. ஒன்றின் கடிதத்துக்கு மற்றது பதில் போடுவதற்குள் செலவு மதிப்பீடு பழசாகிவிடும்.

நகல் கேட்டால் 'அப்புறம் வாங்க' என்கிறார்கள். (திருவொற்றியூர்)

பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. 'திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது. லேஅவுட் வரைபட நகல், தானப் பத்திர நகல், நில உபயோக மாற்ற ஆணை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

திடலைத் தொட மாட்டோம் என்று கவுன்சிலர் வாயாலேயே சொல்லிவிட்டார். போதுமா? (தாம்பரம்)

போதாது. பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டு, குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு நகல் வாங்குங்கள்.