கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கோப்புகளை மீட்க இலவச மென்பொருள் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் இப்போது ஓட்டாதீர்கள். முதலில் கேபிளைப் பிடுங்கி வையுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

'டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, சில நேரம் கணினியில் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தை நான் ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டவன்.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங், மதுரையில். 2019 ஆவணியில் ஒரு முகூர்த்தம் முடித்து, எடுத்ததையெல்லாம் 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுவிட்டு கேமரா கார்டுகளை அழித்துவிட்டேன். (ஆமாம், தப்புதான். அடுத்த நாளும் முகூர்த்தம், கார்டு வேண்டுமே.) கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது. எழுந்தேன், கேபிள் காலில் மாட்டியது. மேஜையிலிருந்து மொசைக் தரைக்கு இரண்டரை அடிதான்.

உயரம் பெரிய விஷயமில்லை, டிஸ்க் ஓடிக்கொண்டிருந்ததுதான் விஷயம். உள்ளே தகவல் பதிந்திருக்கும் வட்டத் தட்டு இருக்கும், அதைப் படிக்கும் முனைதான் ஹெட். அணைந்திருந்தால் ஹெட் தட்டைவிட்டு ஒதுங்கி நிற்கும். ஓடும்போது, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும். ஒரு தூசு அதைவிடப் பெரியது.

மறுபடி சொருகினேன். டிக், டிக். ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் புத்தி இருந்தது. அப்புறம் யாரோ சொன்ன இலவச மென்பொருளைப் போட்டு ஸ்கேன் ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு டிக் டிக் நின்று, தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். துருவியது என் டிஸ்க்கின் தட்டைத்தான்.

போதாததற்கு, காலையில் உள்ளூர் கடையில் ஃபேனுக்குக் கீழே வைத்து மூடியைக் கழற்றினார்கள். நானும் பக்கத்தில் நின்று கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று வேடிக்கை பார்த்தேன். சென்னையில் டேட்டா ரெக்கவரி செய்பவர் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தட்டுல கைரேகை யாருதுங்க?"

அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி, தூசு வடிகட்டிய அறையில் அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும், 22,000 ரூபாய் என்றார். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். சத்தம் வருவது ஹெட்டில், போர்டில் இல்லை என்றார். போர்டே போயிருந்தாலும், அதிலுள்ள சிப்பில் அந்தந்த டிஸ்க்குக்கான அளவுகள் இருக்குமாம், அதையும் பெயர்த்து மாற்ற வேண்டுமாம். பணம் கட்டினேன். பந்தி முழுசாக வந்தது. மறுவீடு வந்தது. தாலி கட்டுவது பாதியில் உறைந்து நிற்கிறது.

'ஃப்ரீசரில் வைத்தேன், ஓடியது' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: உங்களுக்கு ஓடியிருக்கலாம், சண்டைக்கு வரவில்லை. குளிர்ந்ததை வெளியே எடுத்தால் தட்டிலும் ஈரம் படியலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

சத்தமே இல்லாமல், டிஸ்க் நிலையாகத் தெரிந்தால் மட்டும் மென்பொருள் பக்கம் போங்கள். அப்போதும் நேராக அதில் தேடாதீர்கள், விண்டோஸில் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளால் அதே அளவோ பெரியதோ ஆன வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பதைக் கடைசியில் தொடும். கோப்புகளைத் தேடி மீட்கும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டையும் நகலில் ஓட்டுங்கள். மூன்றும் இலவசம். வாரண்டியை நம்பாதீர்கள், பெரும்பாலும் வேறு டிஸ்க்தான் தருவார்கள், உள்ளே இருந்தது வராது.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்ததும் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். பாக்கிப் பணத்துக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. மூன்று வருடம் கழித்து 'ரா ஃபுட்டேஜ் இருக்கும்ல தம்பி' என்பார்கள். அதுவரை பத்திரமாக வைக்கும் டிஸ்க்குக்குக் காசு யார் கொடுப்பது?

அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் நடந்ததைச் சொல்லி, பாக்கி 15,000 வேண்டாம் என்றேன். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பந்தியில எங்க அத்தை தெரியறாங்களா?" என்றார். தெரிந்தார்கள், பாயசம் வேண்டாமென்று கையாட்டிக்கொண்டு. அதை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.