பொங்கி வந்ததைத் திருத்தலாமா?

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். வயது 43. தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவள். தையல்காரரான என் அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அடக்கம் முடிந்த இரவே அவரைப் பற்றி ஒரே மூச்சில் ஒரு கவிதை எழுதினேன். அப்புறம் திருத்த ஆரம்பித்து, இப்போது கையில் இருப்பது ஏழாவது பிரதி. எங்கள் ஊர்க் கவிதை வட்டத்தில் மூன்றாவது பிரதியை வாசித்தபோது, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர், அதில் நீள அளவு வரும் வரியைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, பில் போடுறியா?" என்றார். போன மாதம் ஏழாவதை வாசித்தேன். "கவிதை பொங்கி வழியணும், வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கார். ஏழு தடவை பிரிச்சுத் தைச்சா அது தையல் வேலை, கவிதை இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாதாரண மக்கள் பேசும் மொழியில் எழுத வேண்டும் என்று அதே வேர்ட்ஸ்வொர்த் சொன்னதாகவும் படித்த ஞாபகம். அப்படியென்றால் நான் திருத்தலாமா, கூடாதா? எந்த மொழியில்தான் எழுதுவது? ஏழு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: ஏழையும் படித்தேன். அண்ணன் உங்களைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு உங்கள் கவிதைக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார். தையல் வேலை என்பதை ஒரு தையல்காரர் மகளிடம் வசைபோலச் சொல்லியிருக்க வேண்டாம். அது போகட்டும்.

அவர் சொன்ன வாக்கியம் உண்மையில் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798இல் 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற தொகுப்பைத் தங்கள் பெயர் போடாமல் வெளியிட்டார்கள். இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் நீண்ட முன்னுரை ஒன்று எழுதினார். நல்ல கவிதையெல்லாம் வலிய உணர்ச்சிகள் தானாகப் பொங்கி வழிவது என்று சொல்வது அந்த முன்னுரைதான். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. அது உண்மைதான் என்றாலும், மதிக்கத்தக்க கவிதைகளை எழுதியவர்கள் நீண்ட நேரம் ஆழமாக யோசித்தவர்கள் என்று அதே மூச்சில் போகிறது. சில பக்கம் தள்ளி, அமைதியில் நினைத்துப் பார்க்கும் உணர்ச்சியிலிருந்துதான் கவிதை பிறக்கிறது என்கிறார். பழைய உணர்ச்சியை அமைதியாக நினைத்துக்கொண்டே இருந்தால், மெல்ல மெல்ல அந்த அமைதி கலைந்து, முதலில் வந்ததற்கு உறவான இன்னோர் உணர்ச்சி மனதில் எழும். எழுதுவது அப்போதுதான். அதாவது அடக்கம் முடிந்த இரவில் அல்ல, இரண்டு வருடம் கழித்து, இப்போது. அண்ணன் சட்டையின் ஒரு கையை மட்டும் வெட்டியெடுத்து வைத்திருக்கிறார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தலைமுறைக் கவிஞர் ஷெல்லியைக் காட்டியிருந்தால் அண்ணன் கை ஓங்கியிருக்கும். 1821இல் எழுதி, அவர் இறந்து பல வருடம் கழித்து 1840இல் அச்சான கட்டுரையில், படைக்கும் மனம் அணைந்துகொண்டிருக்கும் கரி போன்றது என்கிறார் ஷெல்லி. எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அதைச் சற்று நேரம் கனிய வைக்கிறது. எழுத உட்காரும்போதே அந்தக் கனல் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. நல்ல வரிகள் உழைப்பால் வருகின்றன என்பதே தவறு என்றும் அடித்துச் சொல்கிறார். கீட்ஸும் 1818இல் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், மரத்தில் இலை வருவதுபோல் இயல்பாக வராவிட்டால் கவிதை வராமலே இருப்பது மேல் என்றார்.

சொன்னார்கள், சரி. ஆனால் இவர்களுடைய கையெழுத்துத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஷெல்லியின் நோட்டுப் புத்தகங்களில் அடித்தல் மேல் அடித்தல். கீட்ஸ் ஒரு நெடுங்கவிதையில் கதாநாயகி உறங்கப்போகுமுன் நகைகளைக் கழற்றும் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறார். இலை தளிர்த்தது, அப்புறம் கத்தரிக்கோலும் வந்தது.

நீங்கள் பாடத்தில் படித்த 'டாஃபடில்ஸ்' கவிதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வொர்த் அந்தப் பூக்களைப் பார்த்தபோது தங்கை டோரதியும் கூட நடந்தார். சில பூக்கள் களைத்துப்போய்க் கற்களைத் தலையணையாக்கிப் படுத்திருந்ததாகவும், மற்றவை காற்றோடு சிரிப்பதுபோல் ஆடியதாகவும் டோரதி தன் நாட்குறிப்பில் எழுதினார். வேர்ட்ஸ்வொர்த் கவிதை எழுதியது இரண்டு வருடம் கழித்து. அச்சானது 1807இல். அதில் ஆடும் பூக்களாக இருந்தவை 1815இல் பொன்னிறப் பூக்களாயின. விண்மீன்களை ஒப்பிடும் பத்தி முழுவதும் அப்போதுதான் சேர்ந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டும் 'அகக்கண்' வரிகள் இரண்டும் மனைவி மேரி கொடுத்தவை. தங்கையோடு போனவர் கவிதையில் தனியாகத் திரிந்தேன் என்கிறார். தானாகப் பொங்கியதாம்! பதின்மூன்று வருடம், மூன்று பேர்.

இனி மொழி. இதில் உங்கள் குழப்பம் நியாயமானது. வேர்ட்ஸ்வொர்த் சொன்னது பாதிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அவர் எதை எதிர்த்தார் என்று பார்த்தால் விளங்கும். தாமஸ் கிரே என்ற கவிஞரின் நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட் 1742இல் இளம் வயதில் இறந்துபோக, கிரே பதினான்கு வரியில் ஒரு சானெட் எழுதினார். அதில் காலையில் சூரியன் உதிப்பதாக இல்லை. 'சிவக்கும் ஃபீபஸ் தன் பொன் நெருப்பை உயர்த்துகிறான்'. ஃபீபஸ் கிரேக்கச் சூரியக் கடவுள். நம்மூரில் 'கதிரவன் பொற்கரம் நீட்டினான்' என்று எழுதுவோமே, அந்த ரகம். யார் செத்தாலும் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் அதே பொற்கரம்தான் நீளும். இந்தப் பதினான்கு வரியைத்தான் வேர்ட்ஸ்வொர்த் தன் முன்னுரையில் எடுத்துப்போட்டு, ஐந்து வரிகளுக்குத்தான் மதிப்பு என்றார். அந்த ஐந்தில் கடைசி இரண்டின் கருத்து இது: கேட்க முடியாத ஒருவனிடம் பயனில்லாமல் புலம்புகிறேன், அழுவது வீண் என்பதாலேயே இன்னும் அழுகிறேன்.

இதில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. சாவு வீட்டு முற்றத்தில் யாரும் சொல்லக்கூடியது. ஆனாலும் யாரும் இப்படி அடுக்கிச் சொல்லிவிட மாட்டார்கள். அவர் பேச்சு மொழி என்றதோடு நிறுத்தாமல், மக்கள் உண்மையில் பேசும் மொழியிலிருந்து 'தேர்ந்தெடுத்தது' என்றும் சேர்த்துக்கொண்டது இதனால்தான். உரைநடைச் சொல்லுக்கும் கவிதைச் சொல்லுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை என்று வாதாடியவர் யாப்பையும் விடவில்லை. பொங்கும் உணர்ச்சியைத் தாளக்கட்டு கொஞ்சம் அடக்கிப் பிடிக்கும் என்பது அவர் எண்ணம்.

கிராமத்து எளிய மனிதர்களின் பேச்சுதான் சிறந்தது என்ற அவருடைய இன்னொரு பாதியை 1817இல் கோல்ரிட்ஜே மறுத்துவிட்டார். கூட்டாளி ஆயிற்றே என்று பார்க்கவில்லை. கிராமத்தான் பேச்சில் கொச்சையை எல்லாம் வடிகட்டிவிட்டால் மிஞ்சுவது விவரமுள்ள எந்த மனிதனுடைய பேச்சும்தானே என்று கேட்டார். வேர்ட்ஸ்வொர்த் ஊர்ப் பக்கத்து மலைநாட்டு மக்கள் நன்றாகப் பேசினார்கள் என்றால் காரணம் மலையும் வயலும் அல்ல, அவர்கள் படித்து வளர்ந்த பைபிளும் ஞானப்பாடல் புத்தகமும் என்றார். இந்த இடத்தில் நான் கோல்ரிட்ஜ் கட்சி. உங்கள் இரண்டாம் பிரதியில் அம்மா அழும்போது சொல்லும் 'கர்த்தருக்குச் சித்தமானால் என்னையும் கூட்டிக்கிடட்டும்' என்ற வரியைப் பாருங்கள். பாதி ஆலயத்துத் தமிழ், பாதி அடுக்களைத் தமிழ். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் ஒரே மொழிதான். அதை ஏன் நான்காம் பிரதியில் எடுத்தீர்கள்? பேச்சு வழக்காக இல்லையென்றா, இல்லை கவிதையாக இல்லையென்றா? எதற்காக இருந்தாலும் திரும்பப் போடுங்கள்.

நம்மூரில் ஒருவர் இந்தக் கூட்டத்தின் மேல் ஆசை வைத்து ஷெல்லிதாசன் என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய பதம், எளிய நடை, பொதுஜனம் விரும்பும் மெட்டு வேண்டும் என்றார். எளிமை கேட்ட இடத்திலேயே மெட்டையும் கேட்டிருக்கிறார், கவனியுங்கள்.

உங்கள் பிரதிகளுக்கு வருகிறேன். முதல் பிரதி இப்படித் தொடங்குகிறது:

அப்பா கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும்
எனக்கு மட்டும்
அளவெடுக்காமலே தைப்பார்

இதன் பிறகு பதினோரு வரி. அதில் கண்ணீர் என்ற சொல் ஐந்து முறை. இரண்டாம் பிரதியில் ஐந்தையும் வெட்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு வேலைக்காகவே திருத்தலாம் என்று சொல்லிவிடுவேன். மூன்றாவதில் புதிதாக இது வருகிறது:

பெட்டி செய்கிறவர் டேப்போடு வந்தார்
ஐந்தடி ஏழு அங்குலம் என்றார்
டேப் இல்லாத அப்பா கழுத்தை
அன்றைக்குத்தான் பார்த்தேன்

அடக்கத்தன்று இரவு பொங்கியபோது இந்த வரிகள் வரவில்லை. இருந்து, யோசித்து, பிரித்துத் தைத்தபோதுதான் வந்தன. அண்ணன் பில் போடுகிறாயா என்று சிரித்தது இந்த இடத்தில்தான். நீங்களும் பயந்துபோய், அடுத்தடுத்த பிரதிகளில் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழித்துக்கட்டி, ஏழாவதில் இங்கே வந்து நிற்கிறீர்கள்:

எந்தையின் கழுத்தில் அளவுநாடா ஓர் அரவம்
அன்பின் ஆழத்தை
அளந்திட இயலுமோ?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இது ஃபீபஸ். உங்கள் அப்பா எந்தை அல்ல, அவர் கழுத்தில் கிடந்தது பாம்பும் அல்ல. கடைசிக் கேள்வியை எந்த இரங்கல் சுவரொட்டியிலும் அச்சடிக்கலாம்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. லிரிக்கல் பாலட்ஸில் வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி தார்ன்' என்ற கவிதையில் ஒரு முட்செடியின் பக்கத்தில் சின்னக் குட்டை ஒன்று வரும். கதை சொல்கிறவர் அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அளந்து பார்த்தேன், மூன்றடி நீளம், இரண்டடி அகலம் என்கிறார். ஊரே சிரித்தது. வாயாடி ஒருவரின் சளசளப்பைக் காட்டப்போய்க் கவிதையும் சளசளத்துவிட்டது என்கிற மாதிரி கோல்ரிட்ஜே அந்தக் கவிதையைக் குறை சொன்னார். அந்த வரிகளைச் சத்தமாக வாசிக்கத் தனக்குத் துணிவில்லை என்று நண்பர் கிராப் ராபின்சன் சொன்னபோது, அவை விரும்பப்பட வேண்டியவை என்று பதில் சொன்னார் வேர்ட்ஸ்வொர்த். அப்படிச் சொன்னவர் 1820 பதிப்பில் அளவை எடுத்துவிட்டு, தாகம் கொண்ட வெயிலுக்கும் வறட்டும் காற்றுக்கும் திறந்து கிடக்கும் சிறு குட்டை என்று நாகரிகமாக மாற்றிவிட்டார். பேராசிரியர்கள் பலரும் மாற்றியது நல்லது என்பார்கள். எனக்கு அந்த மூன்றடியும் இரண்டடியும்தான் பிடிக்கும். அது ஒரு குழந்தையின் குழி அளவு. கவிதையில் ஊர் சந்தேகப்படுவதும் அதையே.

ஆகவே திருத்துவது குற்றமில்லை. எந்தத் திசையில் திருத்துகிறீர்கள் என்று பாருங்கள். மூன்றாம் பிரதி வரை பெட்டி செய்கிறவரை நோக்கிப் போனீர்கள். அதன் பிறகு அண்ணனை நோக்கிப் போனீர்கள். மூன்றாவதை எடுத்து, இரண்டாவதிலிருந்து அம்மாவின் வரியைச் சேர்த்து, டேப்பை டேப்பாகவே விட்டு எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாத வட்டத்திலும் அதையே வாசியுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். தன் 'கூப்ளா கான்' கவிதை கனவில் அப்படியே வந்தது, விழித்து எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டியதால் பாதியில் நின்றுபோனது என்று 1816இல் அச்சிட்டபோது கோல்ரிட்ஜ் கதை சொன்னார். அவர் கையாலேயே எழுதிய பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் அரண்மனையைச் சுற்றி மதில் வளைத்த நிலம் இருமுறை ஆறு மைல். அச்சில் இருமுறை ஐந்து மைல். கனவிலும் டேப் போட்டுத் திருத்தியிருக்கிறார் மனிதர். அவருக்குச் செல்லும், அந்த மதிலை யாரும் போய் அளக்கப்போவதில்லை. உங்கள் மூன்றாம் பிரதியில் ஐந்தடி ஏழு என்று இருப்பது ஐந்தாம் பிரதியில் ஐந்தடி எட்டு ஆகியிருக்கிறது. பெட்டி செய்தவர் அன்று சொன்னது எது? அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டு எழுதுங்கள்.