மதகுச் சாவி பக்கத்து வீட்டில் இல்லை

கேள்வி: குமுளியில் பல வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மழை வலுத்து முல்லைப் பெரியாறு அணை நிரம்பத் தொடங்கியதும், '2011 மாதிரி தமிழர்களை அடிக்கப் போகிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ வருகிறது. பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பத்தோடு பேச்சை நிறுத்திவிட்டோம். முன்ஜாக்கிரதையாக இருப்பது தவறா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: கடையைப் பூட்டி வைப்பதும் போலீஸ் நம்பரைக் கையில் வைத்திருப்பதும் முன்ஜாக்கிரதை. சரி, செய்யுங்கள். அந்தக் குடும்பம் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. யாரோ பேசிய ஆடியோவுக்கு அவர்களுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். அணைத் தகராறு முற்றிய 2011 டிசம்பரில், கேரளத்தின் உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் மிரட்டலுக்குப் பயந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். அதே நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. முதல் பாதியை மட்டும் சொல்கிறவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அது காய் பறிக்கும் பருவம். விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் நின்றுபோயின. இந்தப் பக்கம் கூலி போனது, அந்தப் பக்கம் காய் செடியிலேயே கிடந்தது. ஐயப்ப பக்தர்கள் குமுளியை விட்டுச் செங்கோட்டை வழியாகச் சுற்றிப் போனார்கள்.

அணை 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) வைத்துக் கட்டியது. அது பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. நான் அதை ஏற்கிறேன். ஆனால் அடைமழையில் அணைக்குக் கீழே படுத்திருப்பவருக்குத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் தூக்கம் வந்துவிடுமா? அப்படிப் படுத்திருப்பவர்கள் யார் என்றும் பாருங்கள். அணைக்குக் கீழே வல்லக்கடவு தாண்டினால் வண்டிப்பெரியாறு. அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழர்கள். அணை உடையும் என்ற பயத்தை மலையாளிகளின் பயம் என்று ஒதுக்குகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் நின்றுவிட்டால் தேனி முதல் ராமநாதபுரம் வரை வயல் காயுமே என்ற பயமும் அதே அளவுக்கு நிஜம். இரண்டையும் பேசித் தீர்க்க இரண்டு அரசுகளும் நீதிமன்றமும் இருக்கின்றன. மதகுச் சாவி உங்கள் பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் இல்லை.

நீங்கள் பேச்சை நிறுத்தியதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்தீர்களா? 'தமிழன் எதையோ தெரிந்துகொண்டுதான் ஒதுங்குகிறான்' என்று அவர் வீட்டிலும் பேசியிருப்பார்கள். அவரும் கதவைச் சாத்துவார். சாத்திய கதவைக் காட்டி, ஆடியோ சொன்னது சரிதான் என்பீர்கள்.

அந்த ஆடியோவைக் குழுவில் போட்டவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பேசுவது யார்? எந்தத் தேதியில் பேசியது? பதில் இல்லையென்றால் அழிக்கச் சொல்லுங்கள். நீங்களும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அப்புறம், இன்று ராத்திரி கடை சாத்தியதும் அந்த வீட்டுக்குப் போங்கள். அவர்களுடைய குழுவிலும் நம்மைப் பற்றி ஏதாவது வந்திருக்கும். கேட்டு வாங்கி, இரண்டு போனையும் மேஜையில் வைத்து, இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.