வாசகர் கேள்வி - பதில்: மலைக்கு வரும் செயற்கை நுண்ணறிவு

கேள்வி: எங்கள் குழுவில் 60 சிறு தேயிலை விவசாயிகள். இலையைப் படம் எடுத்தால் நோயையும், அடிக்க வேண்டிய மருந்தையும் சொல்லும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். 95 சதவீதம் சரியாகச் சொல்லுமாம். சேரலாமா?
- விவசாயி, கோத்தகிரி

பதில்: அந்த 95 எந்தப் படங்களை வைத்து வந்தது என்று முதலில் கேளுங்கள். நல்ல வெளிச்சத்தில், முற்றிய நோயை, ஒற்றை இலையாகப் பறித்து வைத்து எடுத்த படங்களில் எந்தச் செயலியும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஆகஸ்ட் மாத மூடுபனியில், ஈரம் சொட்டும் இலையில், கீறல் விழுந்த கைபேசிக் கேமராவில் அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொப்புள நோயையே எடுத்துக்கொள்வோம். இளங்கொழுந்தைத்தான் அது பிடிக்கும். முதலில் எண்ணெய் பட்டது போல, ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும். இலையை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் அது தெளிவாகத் தெரியும். பிறகு இலையின் மேற்பக்கம் குழியும், அடிப்பக்கம் புடைத்து வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளைதான் நோயைப் பரப்பும் பூஞ்சையின் வித்து. வித்து பறக்கத் தொடங்கிய பிறகு செயலி நோயின் பெயரைச் சொல்வதில் பாதிப் பயன் போய்விடுகிறது. பக்கத்துச் செடி அதற்குள் நோயை வாங்கியிருக்கும்.

ஆகவே நீங்களே சோதியுங்கள். 200 படம் போதும்: புள்ளி நிலையில் 50, வெள்ளை பூத்த நிலையில் 50, நோயில்லாத கொழுந்து 50, தேயிலைக் கொசு, செஞ்சிலந்தி, சத்துக் குறைவு போன்றவை 50. நோய் தெரிந்த இருவர், செயலியின் பதிலைப் பார்க்காமல், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒவ்வொரு படத்துக்கும் முடிவு எழுதட்டும். குன்னூரில் உள்ள உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு உதவி கேட்டுப் பாருங்கள். பிறகு தவறவிட்டவற்றைத் தனியாகவும், பொய் எச்சரிக்கைகளைத் தனியாகவும், நிலை வாரியாக எண்ணுங்கள். செயலி புள்ளி நிலையில் மட்டும் 10 படங்களைத் தவறவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் 200-க்கு 190 வரும். அதுவும் 95 சதவீதம்தான். ஆனால் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில் ஐந்தில் ஒன்றை அது கோட்டைவிட்டிருக்கிறது.

இதைவிட முக்கியமான கேள்வி, செயலியை நடத்துபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது. மருந்து விற்பனையிலிருந்து என்றால், 'இப்போது அடிக்க வேண்டாம்' என்ற பதில் அதில் அரிதாகவே வரும். அந்தப் பதிலும் இருக்க வேண்டும், தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு நெறிமுறையில் இல்லாத மருந்தை அது சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தேயிலையில் தங்கிவிடும் மருந்தின் எஞ்சு நச்சு மிகுந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான், செயலிக்காரருக்கு அல்ல.

சோதனையில் தேறினாலும் 60 பேரும் ஒரே நாளில் சேர வேண்டாம். சீட்டுக் குலுக்கி 30 பேர் ஒரு பருவம் பயன்படுத்தட்டும், 30 பேர் வழக்கம்போல் செய்யட்டும். விரும்பியவர்களை மட்டும் சேர்த்தால், ஏற்கெனவே கருத்தாகத் தோட்டம் பார்ப்பவர்களே முன்வருவார்கள். அவர்களின் உழைப்புக்குரிய பெயர் செயலிக்குப் போய்விடும். இரு தரப்பிலும் மருந்து அடித்த தடவைகள், மருந்துச் செலவு, பறித்த பசுந்தேயிலை கிலோ, ஃபேக்டரியில் கழிக்கப்பட்ட கிலோ ஆகிய நான்கை மட்டும் நோட்டில் குறியுங்கள். எத்தனை படம் எடுத்தார்கள் என்ற கணக்கு நிறுவனத்துக்குத் தேவைப்படலாம், உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்துப் பாதிப்பு உண்டா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவி எங்கள் பகுதிக்கு வரப்போகிறது. என்ன கவனிக்க வேண்டும்?
- செவிலியர், கூடலூர்

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சர்க்கரை நோயாளிகளில் 50 பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் பாதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிப்பு உள்ளவர்களில் 90 சதவீதத்தையும் இல்லாதவர்களில் 90 சதவீதத்தையும் கருவி சரியாகச் சொல்கிறது என்றால், 45 பேரைப் பிடிக்கும், 5 பேரை விட்டுவிடும். மீதி 950 பேரில் 95 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக, நீங்கள் உதகைக்கு அனுப்பும் 140 பேரில் 45 பேருக்குத்தான் நோய். கூடலூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை, பஸ் செலவு, ஒரு நாள் கூலி. இரண்டு முறை வீணாகப் போய் வந்தவர் மூன்றாம் முறை கூப்பிட்டால் வரமாட்டார். எனவே சந்தேகத்துக்குரிய படங்களைக் கண் மருத்துவர் இணையம் வழியே ஒருமுறை பார்த்த பிறகே ஆளை அனுப்பும் ஏற்பாடு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, படத்தின் தரம். தாய்லாந்துக் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் இத்தகைய கருவியைப் பயன்படுத்திய அனுபவம் 2020-இல் வெளியானது. முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று கருவி தள்ளிவிட்டது. அறையில் போதிய இருட்டு இல்லை, இணையமும் மெதுவாக இருந்தது. ஆய்வகத்தில் சிறப்பாகச் செயல்பட்ட கருவிதான் அது. உங்கள் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். கண்பாவை விரிய நோயாளியை 5 நிமிடமாவது இருட்டில் உட்கார வையுங்கள். குளிரில் லென்ஸ் மேல் படியும் ஆவியை ஒவ்வொருவருக்கும் முன் துடையுங்கள். இணையம் இல்லாமலும் கருவி இயங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முறை எடுத்தும் படம் தெளியவில்லை என்றால் அந்த நபரை விட்டுவிடக் கூடாது. வயதானவர்களுக்குக் கண்புரையே காரணமாக இருக்கலாம். அதற்கும் மருத்துவர் வேண்டும்.

எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்றுதான் மேலிருந்து கேட்பார்கள். அனுப்பியவர்களில் எத்தனை பேர் 90 நாளுக்குள் கண் மருத்துவரைப் பார்த்தார்கள் என்று தனிப் பதிவேடு வையுங்கள். பார்வை காப்பாற்றப்பட்டதா என்பது அந்தப் பதிவேட்டில்தான் தெரியும்.

கேள்வி: மனித மேம்பாட்டுக் குறியீட்டுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன தொடர்பு?
- கல்லூரி மாணவி, உதகை

பதில்: நாட்டின் முன்னேற்றத்தை வருமானத்தால் மட்டும் அளக்கக்கூடாது என்று பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று 1990-இல் ஐ.நா.வின் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையைக் கொண்டுவந்தார். அமர்த்தியா சென்னின் சிந்தனை அதற்கு அடிப்படை. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் சேர்ந்தது அந்தக் குறியீடு. 2025 அறிக்கை செயற்கை நுண்ணறிவைப் பற்றியே பேசுகிறது.

தொடர்பு என்னவென்றால், கணினிக்கும் ஓர் அளவுகோலைக் கொடுத்துத்தான் கற்பிக்கிறோம். நாட்டை அளப்பதைப் போலவே, அங்கும் அளவுகோல் தவறினால் பலனும் தவறும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த ஒரு மென்பொருளைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. யாருக்கு நோய் அதிகம் என்று அளப்பதற்குப் பதிலாக, யாருக்கு மருத்துவச் செலவு அதிகம் என்று அது அளந்தது. மருத்துவ வசதி எட்டாத கறுப்பின மக்களுக்குச் செலவு குறைவு. அதனால் நோய் முற்றியிருந்தும் பட்டியலில் அவர்கள் பின்னுக்குப் போனார்கள். அளவுகோலைத் திருத்தினால் பட்டியலில் கறுப்பின மக்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று அதே ஆய்வு காட்டியது.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் கணக்கை எல்லாம் ஏஐ-யிடம் கேட்டு எழுதுகிறான். தடுக்கவா, விடவா?
- பெற்றோர், குன்னூர்

பதில்: அப்படியே விட்டுவிடாதீர்கள். துருக்கியில் ஏறக்குறைய 1000 பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில், விடையைச் சொல்லிவிடும் ஏஐ வகையைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது நன்றாகவே செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததும், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். ஆசிரியர்கள் வகுத்தபடி குறிப்பு மட்டும் தந்த வகையில் இந்தச் சேதம் பெருமளவு இல்லை.

முதல் 15 நிமிடம் தாளில் தானே முயலட்டும். பிறகு இப்படித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்: 'நான் பத்தாம் வகுப்பு மாணவன். விடையைச் சொல்லாதே. என் படிகளில் முதல் தவறு எங்கே என்று மட்டும் காட்டி, ஒரு கேள்வி கேள்.' வாரம் ஒருநாள் அதே வகைக் கணக்கு ஐந்தைக் கைபேசி இல்லாமல் போடட்டும். அந்த மதிப்பெண்ணை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: படுக மொழிப் பேச்சைப் பதிவு செய்து கணினிக்குக் கற்பிக்கலாம் என்று கேட்டு வருகிறார்கள். சம்மதிக்கலாமா?
- வாசகர், மஞ்சூர்

பதில்: செய்ய வேண்டிய வேலைதான். இந்திய மொழிகளைக் கணினிக்குக் கற்பிக்கும் மத்திய அரசின் பாஷிணி திட்டம் பெரும்பாலும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளைச் சுற்றியே அமைந்தது. படுக, தோடா, கோத்தா, இருளா மொழிகள் எதுவும் அந்த அட்டவணையில் இல்லை. மொழி தெரியாத கருவி மூதாட்டியிடம் பேசாது.

ஆனால் பேசுபவர் ஒவ்வொருவரிடமும் அவர் மொழியிலேயே விளக்கி, எதற்குப் பயன்படும், யார் வைத்திருப்பார்கள், விற்கலாமா, பிறகு நீக்கச் சொன்னால் நீக்குவார்களா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை வகுத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சாவுச் சடங்குப் பாடல்கள் போல வெளியே போகக்கூடாதவை எவை என்பதை ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் உட்கார்ந்து முன்பே பிரித்துவிடுங்கள். பதிவு நடக்கும் நாளிலேயே ஒரு முழுப் பிரதியை ஊரின் வன்தட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.