ஏழு தலைமுறையும் தாது வருஷமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு எண்பது முடியப்போகிறது. விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, எங்கள் குடும்ப வரலாற்றை ஐம்பது பிரதி புத்தகமாகப் போட நினைக்கிறோம். தாத்தா 1921ல் கோலார் தங்கவயலில் பிறந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பா வட ஆற்காட்டிலிருந்து தாது வருஷப் பஞ்சத்தில் வந்து சுரங்கத்தில் சேர்ந்தார் என்பார்கள். பாட்டி, தாத்தாவுக்கு அக்கா மகள். இதை வம்ச மரத்தில் எப்படிக் காட்டுவது? இங்கே ஓர் ஏஜென்சி, பிரிட்டிஷ் கால சென்சஸிலிருந்து ஏழு தலைமுறை எடுத்துத் தருகிறோம் என்று மொத்தமாக ஒரு தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?

மு., பெங்களூரு

அன்புள்ள மு.,

கொடுக்க வேண்டாம். சென்சஸ் என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையே போதும். இந்திய சென்சஸில் நமக்குக் கிடைப்பது ஊர், சாதி, மொழி, தொழில் வாரியான கூட்டுத்தொகைதான். பிரிட்டிஷ் காலத்தில் வீடு வீடாக எழுதிய தாள்கள் எண்ணி முடித்ததும் கழிக்கப்பட்டவை. சுதந்திரத்துக்குப் பிறகு எழுதியவற்றை யாரும் பார்க்கக் கூடாது என்கிறது 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குடும்ப ஆய்வுக்குச் சென்சஸ்தான் அடித்தளம். அந்த ஊர் விளம்பரத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஏழு தலைமுறையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு எண் 1 கொடுங்கள். அவருடைய அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். இப்படி ஏழாவது வரிசையில் மட்டும் 64 பேர், மொத்தம் 127. ஏஜென்சி தரப்போவதோ மேலிருந்து கீழாக ஏழு ஆண் பெயர். மிச்சம் 120 கட்டம் காலி. அதற்குப் பதில் ஐந்து வரிசை, 31 கட்டம் என்று வைத்துக்கொண்டு அதில் பாதியை ஆதாரத்தோடு நிரப்பினாலே நல்ல புத்தகம்.

பாட்டி விஷயமும் இந்த எண்ணிலேயே தீர்ந்துவிடும். பாட்டி 3, அவருடைய அம்மா 7. அந்த 7 தாத்தாவின் அக்கா. ஆகவே 14, 15 என்று வரவேண்டியவர்கள் ஏற்கெனவே 4, 5ல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்களில் ‘4ஐப் பார்க்க’, ‘5ஐப் பார்க்க’ என்று போடுங்கள், போதும். கோடு இழுத்து இணைக்கப் போனால் படம் நூல்கண்டு சிக்கிய மாதிரி ஆகிவிடும். மென்பொருளில் ஏற்றும்போது ஒரே ஆளை இரண்டு தடவை உள்ளிட்டுவிடுவார்கள். பிறகு ஒரு பதிவில் தேதியைத் திருத்தினால் இன்னொன்று பழைய தேதியோடு நிற்கும்.

இனி தாது வருஷம். அறுபது வருஷச் சுற்றில் அது 1876 ஏப்ரல் நடுவில் தொடங்கியது, அடுத்த தாது 1936. தாத்தா 1921லேயே அங்கே பிறந்துவிட்டதால் 1936 அடிபட்டுப் போகிறது. 1876 பஞ்சம் உண்மை. ஆனால் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்ததே 1880ல், பெரிய அளவில் ஆள் சேர்த்தது அதற்கும் பிறகு. இன்னொரு சாட்சி உங்கள் பாட்டி. அப்பா 1946 வாக்கில் பிறந்தார் என்றால் பாட்டி 1930க்கு முன்பின், பாட்டியின் அம்மா 1910க்கு முன்பின் பிறந்திருக்க வேண்டும். 1910லும் 1921லும் பிள்ளை பெற்ற கொள்ளுத்தாத்தா 1876ல் பெரும்பாலும் சிறுபிள்ளை, இல்லாவிட்டால் பிறக்கவேயில்லை. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர் அவருடைய அப்பாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நடுவில் எங்கே இருந்தார்கள், எப்போது சுரங்கத்துக்கு வந்தார்கள் என்பதுதான் உங்கள் ஆய்வு. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வீடுகளில் இப்படி அப்பாவின் கதை மகன் மேல் ஏறிவிடுவது சர்வசாதாரணம். முனுசாமி, கோவிந்தன், முனுசாமி, கோவிந்தன் என்று போகிற வரிசையில் இரண்டு பேர் கழன்று விழுந்தாலும் கேட்கிறவருக்குத் தெரியாது.

காகிதத்தை வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். தாத்தாவின் பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினேஷன் படிவ நகல் இருந்தால் அதில் குடும்பத்தார் பெயர், உறவு, வயது எல்லாம் வரிசையாக இருக்கும். பள்ளி டி.சி.யில் ஜூன் மாதப் பிறந்த தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள், அது பெரும்பாலும் வாத்தியார் வைத்த தேதி.

அடுத்தது ஊர். பழைய வட ஆற்காட்டின் சில தாலுகாக்கள் 1911ல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. வீட்டில் சொல்லும் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். சொந்தமாகக் காணியோ மனையோ இருந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகம்தான் சுரங்கம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி கிரயம், பாகப்பிரிவினை ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் பெயர் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். பழைய பத்திரத்தில் தகப்பன் பெயர், சாதி, ஜீவனம், ஊர் எல்லாம் முதல் நாலு வரியிலேயே வந்துவிடும். பாகப்பிரிவினை கிடைத்தால் அண்ணன் தம்பி அத்தனை பேரும் கிடைத்தார்கள். பெண்கள் பெயர் அதில் அபூர்வம், பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்களில் தேடுங்கள். நிலமில்லாத குடும்பம் என்றால் இந்தக் கதவு திறக்காது. தங்கவயலுக்கு வந்தவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான். அப்போது ஐந்தாம் வரிசையை வெறுமையாகவே அச்சிடுங்கள்.

ஏஜென்சியைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் தலைமுறைக் கணக்கில் பேசாதீர்கள். இந்த அலுவலகம், இந்தப் பெயர், 1900 முதல் 1930 வரை என்று தேடலுக்குக் கூலி பேசுங்கள். எந்த வால்யூம்களைப் புரட்டினார்கள் என்ற பட்டியலோடு ‘கிடைக்கவில்லை’ என்று எழுதித் தந்தாலும் முழுப் பணம் கொடுங்கள். கிடைத்தால்தான் காசு என்றால் ஏதாவது ஒரு பெயர் கிடைத்துவிடும்.

அச்சு: ஐம்பது பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல் போதும். டெமி அளவு, 80 ஜிஎஸ்எம் தாள், பக்கங்கள் 16ன் மடங்கு, நூல் தையல், கெட்டி அட்டை. கோந்து பைண்டிங் பத்துப் பேர் விரித்துப் பார்த்தாலே விட்டுவிடும். ஒன்றரை இன்ச் பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1800 பிக்சல் அகலம் வரும், இன்ச்சுக்கு 300 பிக்சல் கணக்கில் அச்சில் ஆறு இன்ச் வரை தாங்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பெங்களூரு அச்சகங்களில் தமிழுக்குத் தனிச் சோதனை வேண்டும். இன்டிசைனில் செட்டிங் சரியில்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் காகிதத்தில் ப்ரூஃப் வாங்கி, உறவில் மூத்த அத்தை ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

விழா தேதியை எழுதவில்லை. ஆறு மாதத்துக்குள் என்றால் பத்திரத் தேடலை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவிட்டு, பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்வதை இந்த வாரமே தொடங்குங்கள். ‘எந்த வருஷம்’ என்று கேட்காதீர்கள். 1956ல் சுரங்கம் அரசு கைக்கு வந்தபோது எந்த வகுப்பில் இருந்தீர்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லைன் வீட்டில் இருந்தீர்கள், பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள்.