உபுண்டு லினக்ஸில் சூடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை இடும் உரிமை) போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் வழியா?

கேட்டவர் வியாசர்பாடியில் டிப்ளமோ படிக்கும் மாணவர். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டைக் கணினியோடு இணைப்பதற்காகத் தன் கணக்கை டயலவுட் என்ற பயனர் குழுவில் சேர்க்க ஒரு கட்டளை அடித்திருக்கிறார். மறுபடி உள்ளே வந்த பிறகு சூடோ போட்டால், நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் (சூடோ உரிமை யாருக்கு என்று சொல்லும் கோப்பு) இல்லை, இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும் என்று வருகிறதாம். கடையில் கேட்டால் ஃபார்மேட் பண்ணிடலாம் என்கிறார்களாம்.

ஃபார்மேட் வேண்டாம் தம்பி. உங்கள் கோப்புகள், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் புகார் வெளியே யாருக்கும் போவதில்லை. அந்தக் கணினியின் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதப்படுகிறது, அவ்வளவுதான். தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித்தருகிறேன். இந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து, சரிசெய்யக்கூடிய கணினியை அழித்தவர்கள் நிறையப் பேர். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நீங்கள் அடித்தது பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளை. அதில் பெரிய ஜி மட்டும் போட்டால், நீங்கள் சொன்ன குழுவைத் தவிர மற்ற கூடுதல் குழுக்களிலிருந்தெல்லாம் அது உங்களை நீக்கிவிடும். பெரிய ஜிக்கு முன்னால் சின்ன ஏ இருந்தால்தான் பழையவற்றோடு சேர்க்கும். உபுண்டுவில் நிர்வாகி என்பது சூடோ என்ற குழுவில் இருப்பதுதான். அந்தக் குழு போனதும் உரிமையும் போனது.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஈடிசி கோப்பகத்தில் குரூப் என்ற கோப்பு இருக்கும். அதே பெயரின் கடைசியில் ஹைபன் போட்ட இன்னொன்றும் இருக்கும். அது கடைசி மாற்றத்துக்கு முந்தைய நகல். அதைத் திறந்து உங்கள் பயனர் பெயர் எந்தெந்த வரியில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சூடோ, ஏடிஎம் (adm), பிளக்டெவ், எல்பிஅட்மின் என்று குழுப் பெயர்கள் வரும். புதிதாக ஒரு குழுவில் சேர்த்த உடனே அந்த நகலும் மாறிவிடும், ஆகவே இதுதான் முதல் வேலை. பல வழிகாட்டிகள் சூடோவை மட்டும் மீட்டுக்கொடுத்துவிட்டு நின்றுவிடுகின்றன. அப்புறம் ஒருநாள் பிரிண்டரைச் சேர்க்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும்போது காரணம் புரியாது.

இனி மீட்பு. பேட்டரி செத்த பழைய மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள், நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கணினியை மறுபடி துவக்கி, கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். புதிய யூஈஎஃப்ஐ வகை என்றால் தயாரிப்பாளரின் சின்னம் மறைந்ததும் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். அப்போது வருவது கிரப் மெனு, எதைத் துவக்குவது என்று கேட்கும் பட்டியல். விண்டோஸும் சேர்ந்து இருந்தால் அது தானாகவே வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோட் என்று முடியும் வரி. பிறகு வரும் பட்டியலில் ரூட் என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால், ஹேஷ் குறியோடு ஒரு வரி காத்திருக்கும். இப்போது நீங்கள்தான் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர்.

அங்கே வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கலாம். எழுத வைக்க: மவுண்ட், இடைவெளி, ஹைபன் ஓ, இடைவெளி, ரீமவுண்ட் கமா ஆர்டபிள்யூ (நடுவில் இடைவெளி கூடாது), இடைவெளி, ஒரு சாய்கோடு. அடுத்து ஆட்யூசர், இடைவெளி, உங்கள் பயனர் பெயர், இடைவெளி, சூடோ. தாளில் எழுதிய மற்ற குழுக்களுக்கும் இதையே ஒவ்வொன்றாக அடியுங்கள். இந்தக் கட்டளை பழைய குழுக்களைத் தொடாது, அதனால் புதியவர்களுக்கு நான் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். ரீபூட் அடித்து உள்ளே வந்ததும் குரூப்ஸ் என்று அடித்துப் பாருங்கள். சூடோவும் டயலவுட்டும் இரண்டும் தெரிய வேண்டும்.

பாஸ்வேர்டு மறந்துபோனவர்களுக்கும் இதே ரூட் வரிதான். பாஸ்டபிள்யூடி, பயனர் பெயர், புதிய பாஸ்வேர்டு இரண்டு தடவை. சூடோயர்ஸ் கோப்பைத் திருத்தப் போய்க் கெடுத்தவர்கள் அங்கே விசூடோ மூலம் திறந்து சரிசெய்யலாம். சேமிக்கும் முன் அது பிழை பார்த்துச் சொல்லும். முழு வட்டுக்கும் 777 அனுமதி (யாரும் எதையும் மாற்றலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டவர்களுக்கு மட்டும்தான், கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு மறுபடி நிறுவுங்கள் என்று நானே சொல்வேன்.

அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸ் இன்னும் சிலர் வீட்டில் இருக்கும். அது டெபியன் வழி வந்தது. டெபியனில் நிறுவும்போது ரூட்டுக்குத் தனி பாஸ்வேர்டு வைத்திருந்தால் மீட்பு மெனுவே தேவையில்லை. டெர்மினலில் சூ, இடைவெளி, ஹைபன் அடித்து அந்த பாஸ்வேர்டைக் கொடுத்தாலே ரூட் ஆகிவிடலாம்.

கணினி கையில் கிடைத்தால் யாரும் இப்படி உள்ளே போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் அதற்காகவே நிறுவும்போது வட்டைக் குறியாக்கம் செய்யுங்கள், அதாவது கடவுச்சொற்றொடர் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். ஆனால் அந்தக் கடவுச்சொற்றொடரை மறந்தால் மேலே சொன்ன எந்த வழியும் திறக்காது, அதை மட்டும் வீட்டில் பத்திரமாக எழுதி வைத்துவிடுங்கள்.